எழுவாய் யார்?



பள்ளி இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்றைப் படித்திருப்போம். ‘தண்ணீரைத் திறந்தார்கள்’ என்னும்போது ஆள் யாரென்று சொல்லாவிட்டாலும், அங்கே சிலர் இருப்பதை வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். ‘தண்ணீர் திறக்கப்பட்டது’ என்று மாற்றிவிட்டால் ஆளே காணாமல் போய்விடுவார். அதிகாரத்தின் கோப்புகள் ஏன் இந்த இரண்டாவது வாக்கியத்தை விரும்புகின்றன என்பது நமக்குத் தெரியும். நம் குடிசைகள் எப்போதும் ‘எரிந்தன’. கொளுத்தியவர் கோப்பில் இருந்ததில்லை.

காலநிலை மாற்றத்தைப் பேசும் சமகால நாடகங்களிடம் நான் கேட்க விரும்புவதும் இந்த இலக்கணக் கேள்விதான்: எழுவாய் யார்?

2000-இல் பால் குருட்சன், யூஜின் ஸ்டோர்மர் என்ற இரு அறிவியலாளர்கள் நாம் வாழும் காலத்துக்கு ‘ஆந்த்ரோபோசீன்’, அதாவது மனிதர் யுகம் என்ற பெயரை முன்வைத்தார்கள். 2024-இல் புவியியல் அறிஞர்களின் குழு அதை முறையான காலப்பகுதியாக ஏற்க மறுத்தது. ஆனாலும் சொல் உலகம் முழுவதும் பரவிவிட்டது. பூமி சூடாவதற்கு விதியைப் பழிக்காமல் மனிதச் செயலைச் சுட்டியது அந்தச் சொல்லின் பலம். ஆனால் நிலக்கரியில் லாபம் பார்த்தவரும், கொளுத்தும் வெயிலில் செங்கல் சூளையில் கல் சுமக்கும் பெண்ணும் ஒரே ‘மனிதர்’ ஆகிவிடுகிறார்களே? குற்றத்தைப் பங்கிடும்போது ‘நாம் எல்லோரும்’ என்பார்கள். குளத்தைப் பங்கிடும்போது ‘நீ தள்ளி நில்’ என்பார்கள். இந்தக் கணக்கு நமக்குப் பழையது.

2012-இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் ‘டென் பில்லியன்’ நிகழ்ந்தது. இயக்கம் கேட்டி மிட்செல். ஸ்டீபன் எம்மட் என்ற அறிவியலாளர் தானே மேடையேறி, தன் அலுவலகத்தைப் போல அமைத்த அரங்கில் நின்று, பெருகும் மக்கள்தொகையும் நுகர்வும் பூமியை எங்கே கொண்டுபோகின்றன என்று விளக்கினார். நடிகர்களும் இல்லை, கதையும் இல்லை. மீளமுடியாது என்ற தொனியில், மகனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி தர நினைக்கும் ஒருவரின் பேச்சோடு அது முடிந்தது. அதன் எழுவாய் ‘மனித இனம்’. எழுவாய் அவ்வளவு பெரிதானால் யாரையும் கேள்வி கேட்க முடியாது. எஞ்சுவது அச்சம் மட்டுமே. அந்தத் துப்பாக்கி யாரை நோக்கித் திரும்பும் என்பதை விளிம்பில் வாழ்பவர்கள் யோசித்தாக வேண்டும்.

2024-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி மேடையேற்றிய ‘கியோட்டோ’ இன்னொரு வழியில் சென்றது. ஜோ மர்ஃபி, ஜோ ராபர்ட்சன் இருவரும் எழுதியது. 1997 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோவில் முடிவான ஒப்பந்தத்துக்கு இட்டுச்சென்ற பேச்சுவார்த்தைகளே கதை. எண்ணெய், நிலக்கரி நலன்களுக்காக அந்தப் பேச்சுவார்த்தைகளை இழுத்தடித்த அமெரிக்க வழக்கறிஞர் டான் பேர்ல்மன்தான் கதைசொல்லி. இங்கே ‘மனித இனம்’ விலகி, பெயரும் சம்பளமும் உள்ள ஆள் வந்துவிட்டார். இது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த மேசையில் பாதிக்கப்பட்டவர்கள் நாடுகளாகத்தான் உட்கார முடியும். நாட்டுக்குள்ளே ஊர், ஊருக்கு வெளியே சேரி என்ற பிரிவு மாநாட்டு மேசையில் தெரியாது.

அது தெரிந்த ஒரு நாடகம் இதற்கு 18 ஆண்டுகள் முன்பே கலிபோர்னியாவின் ஒரு பல்கலைக்கழக மேடையில் வந்தது. ஒரிகனில் பிறந்து கலிபோர்னியா வழியாகக் கடலில் கலக்கும் கிளமாத் ஆறு அதன் களம். மேலே, முன்னர் பூர்வகுடிகளுடையதாக இருந்த நிலத்தில், அரசுப் பாசனத்தை நம்பும் விவசாயிகள். கீழே, சால்மன் மீனையே உணவாகவும் சடங்காகவும் கொண்ட யூரோக், கருக் முதலிய பூர்வகுடிகள். 2001 வறட்சியில், அழியும் நிலையிலிருந்த மீன்களைக் காக்க அரசு பாசன நீரைப் பெருமளவு நிறுத்தியது, விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டும் ஆற்றில் நீர் குறைவு. இம்முறை அரசு பாசனத்துக்குத் திறந்துவிட்டது. 2002 செப்டம்பரில், முட்டையிட ஆறேறி வந்த சால்மன்கள் குறைந்த, சூடேறிய நீரில் நெருக்கியடித்துச் செவுள் நோய் கண்டு செத்து ஒதுங்கின. 30,000-க்கும் மேற்பட்ட மீன்கள்.

ஹம்போல்ட் பல்கலைக்கழக நாடகவியல் பேராசிரியராக இருந்த தெரசா மே (பிரிட்டன் பிரதமராக இருந்தவர் வேறு) பூர்வகுடி மக்களோடும் மாணவர்களோடும் பேசிப் பேசி உருவாக்கிய ‘சால்மன் இஸ் எவ்ரிதிங்’ 2006-இல் மேடையேறியது. மீன்பிடிக் குடும்பங்களும் விவசாயக் குடும்பமும் அறிவியலாளரும் அதில் பேசுகிறார்கள். விவசாயியை நாடகம் வில்லனாக்கவில்லை. ஆனால் மீன்களைக் கொன்றது வானம் என்று சொல்லித் தப்பிக்கவும் விடவில்லை. மழை பொய்ப்பது இயற்கையாக இருக்கலாம். பொய்த்த ஆண்டில் யாருக்குத் தண்ணீர் என்பது மனிதர்கள் எடுத்த முடிவு. புவி சூடாகச் சூடாக இந்த முடிவுகள் இன்னும் அடிக்கடி, இன்னும் இறுக்கமாக எடுக்கப்படும்.

இந்த இடத்தில் மகாட் நினைவுக்கு வராமல் இருக்காது. பொது நீர்நிலைகள் எல்லோருக்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923-இல் தீர்மானித்தது. சவுதார் குளமும் காகிதத்தில் ‘திறக்கப்பட்டது’. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் அங்கே நடந்துபோய் நீரை அள்ளிக் குடித்தார்கள். ஆளில்லாத அரசு வாக்கியம் அன்றுதான் ‘குடித்தோம்’ என்ற தன்மைப் பன்மை வினைமுற்றாக மாறியது. செய்பவர் யார் என்ற கேள்விக்கு இரண்டு பக்கம் உண்டு. தீங்கு செய்தவரின் பெயரைச் சொல்வது ஒரு பக்கம். பாதிக்கப்பட்டவரே செய்பவராக எழுந்து நிற்பது மறுபக்கம்.

நம் வீதி நாடகக் குழுக்கள் வெள்ளத்தையும் வெயிலையும் பேசத் தொடங்கும்போது இரண்டையும் பேச வேண்டும். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு நகரத்தைக் கழுவ வெளிமாவட்டங்களிலிருந்தும் தூய்மைப் பணியாளர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். ‘நகரம் மீண்டது’ என்று எழுதினார்கள். மீட்டவர் யார், யார் அனுப்பினார், கையுறை கொடுத்தாரா என்று கேட்கும் ஒரு காட்சியை நாம்தான் எழுத வேண்டும். நம் பிள்ளைகள் அதில் பரிதாபத்துக்குரியவர்களாக மட்டும் வந்து போகக்கூடாது.

கிளமாத் பூர்வகுடிகள் அழுததோடு நிற்கவில்லை. அந்த ஆற்றில் முதல் பெரிய மின் அணை 1918-இல் எழுந்தது. அணைகளை வைத்திருந்த நிறுவனத்தின் உரிமையாளர்களைத் தேடி 2004-இல் ஸ்காட்லாந்து வரை போய் முறையிட்டார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2024-இல் நான்கு அணைகளும் இடிபட்டு முடிந்தன. அந்த அக்டோபரிலேயே சால்மன்கள் ஒரு நூற்றாண்டாகப் போக முடியாத மேலாற்றுக்குப் போய்ச் சேர்ந்தன. ‘அணைகள் அகற்றப்பட்டன’ என்று செய்திகள் வந்தன. அகற்றவைத்தார்கள் என்று நாம் எழுதுவோம்.