பாசறையும் பருவமும்: முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையும் காட்டும் தங்குமிடங்கள்

தொல்காப்பியப் புறத்திணையியல், வாகைத்திணையின் துறைகளைக் கூறுமிடத்துப் பாசறையைக் கூதிர்ப்பாசறை, வேனிற்பாசறை என இரண்டாகப் பகுக்கிறது. படையின் அளவோ பகைவரின் வலிமையோ அன்றிப் பருவமே இப்பகுப்பிற்கு அடிப்படையாக அமைந்திருப்பது கருதத்தக்கது. வேந்தன் போர்மேற் கொண்ட வேட்கைக்குச் சான்றாகவே இத்துறை பெரிதும் விளக்கப்படுகிறது. மழையும் குளிரும் நிலவும் நாளில் படை எவ்வகை இருப்பிடத்தைத் தெரிந்துகொண்டது என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்படவில்லை. இதற்கு விடைகாணப் பத்துப்பாட்டுள் முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையும் துணைசெய்கின்றன.

நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிகளே கொண்டது. பத்துப்பாட்டுள் மிகச் சிறியது. அதில் வரும் பாசறை கார்காலத்தது. ஆவணி, புரட்டாசித் திங்கள்களின் மழையில், காட்டாறு சூழ்ந்த முல்லை நிலத்தில் அது அமைக்கப்படுகிறது. இக்கால நூல்கள் பலவும் அங்குள்ள இருப்பிடங்கள் அனைத்தையும் 'கூடாரம்' என்னும் ஒரே சொல்லால் சுட்டிச் செல்கின்றன. பாட்டிலோ அச்சொல் இல்லை. மாறாக, பொருளாலும் அமைப்பாலும் வேறுபட்ட மூவகை இருப்பிடங்களைப் புலவர் அடுத்தடுத்துக் காட்டுகிறார்.

முதலாவது, தழை வேய்ந்த கூரை. பிடவம் முதலிய புதர்களை வெட்டி நிலத்தைத் திருத்துதல், முள்ளால் வேலியிடுதல், தழைக் கூரைகள் வரிசையாக அமைந்த தெரு என்னும் செய்திகள் பாட்டில் இம்முறையிலேயே வருகின்றன. இவ்வரிசையைத் தற்செயலானதாக இக்கட்டுரையாளர் கருதவில்லை. திருத்திய காடே வேலிக்கு முள்ளையும் கூரைக்குத் தழையையும் தந்திருக்க வேண்டும். கூரைப்பொருளைச் சுமந்து செல்லும் தேவை அங்கில்லை. சரிவாக அடுக்கிய தழை மழைநீரை வழியவிடும். வாடினால் புதிய தழை அருகிலேயே கிடைக்கும். ஆகவே உவலைக்கூரையை எளிய வீரரின் வறுமைக்குரிய அடையாளமாக மட்டும் கொள்வது பொருந்தாது. காட்டில், மழைக்காலத்தில், சில திங்கள் தங்கும் படைக்கு அதனினும் ஏற்ற கூரை அரிது.

இரண்டாவது, கோல் நட்டுக் கயிறு இழுத்துக் கட்டிய இருக்கை. வில்லை ஊன்றி அதில் அம்பறாத்தூணியைத் தொங்கவிட்ட காட்சிக்கு, காவி தோய்த்த ஆடையை முக்கோலில் இட்டுவைத்த அந்தணனைப் புலவர் உவமையாக்குகிறார். கோலின்மேல் துணி கிடக்கும் வடிவத்தை இவ்வுவமை நினைவூட்டுகிறது. இதனை அடுத்து வேல்கள் நடப்படுகின்றன. கிடுகுகள் வரிசையாக நிறுத்தப்படுகின்றன. போர்க்கருவியே சுவராகவும் அரணாகவும் மாறுகிறது. விரைந்து கட்டவும் விரைந்து பிரிக்கவும் ஏற்ற அமைப்பு இது.

மூன்றாவது, படையின் நடுவே அமைந்த அரசனின் இருப்பிடம். நெடிய கோல்களை நட்டுப் பல நிறத் திரையை வளைத்து இடம் வகுக்கப்படுகிறது. உள்ளே யவனர் ஒப்பனை செய்த இல்லம். திண்ணிய கயிற்றில் இழுத்த திரையால் இரண்டு அறைகளாகப் பிரிந்த பள்ளி. யவனர் என்னும் சொல் ஆய்வாளரின் கவனம் முழுவதையும் ஈர்த்துக்கொள்வது இயல்பே. ஆயினும் பாட்டில் அவர்கள் பணி உள்ளறையோடு நின்றுவிடுகிறது; பாசறையின் மற்றைய அமைப்புகளில் அவர்களுக்குப் பங்கு கூறப்படவில்லை. இங்கு இன்னொன்றும் நோக்கத்தக்கது. துணி இவ்விருப்பிடத்தின் சுற்றாகவும் தடுப்பாகவுமே பேசப்படுகிறது; கூரை பேசப்படவில்லை. நனைந்த பருத்தித்துணி நீரை உள்ளே கசியவிடும். நனைந்த நார்க்கயிறு சுருங்கி முளையை இழுக்கும். 'திண்மை' என்னும் அடை கயிற்றுக்குத் தரப்பட்டிருப்பதை வெற்றடையாகக் கொள்ள இயலவில்லை. விளக்கு அவியுந்தோறும் மகளிர் மீண்டும் மீண்டும் ஏற்றுவதாகப் பாட்டுக் கூறுவதால், திரைகளைக் கடந்து காற்றுப் புகுந்தது எனக் கொள்ளலாம். எனவே திரை அரசனுக்குத் தந்தது தனிமையும் மதிப்பும். மழையைத் தடுக்கும் ஆற்றலில் அது தழையை விஞ்சியதாகக் கொள்ளச் சான்றில்லை.

நக்கீரரின் நெடுநல்வாடை, ஐப்பசி, கார்த்திகைக்குரிய கூதிரைப் பாடுகிறது. அதன் முற்பகுதியில் நகரத்து வீடுகளே பருவத்திற்கேற்ப மாறுகின்றன. தென்றலைக் கொணரும் வேனிற்பள்ளியின் சாளரங்கள் தாழிடப்பட்டுக் கிடக்கின்றன. அகன்ற வாயுடைய தடவில் நெருப்பு மூட்டப்படுகிறது. ஒரே மாளிகையில் வேனிலுக்கு ஒரு படுக்கையிடமும் கூதிருக்கு வேறொன்றும் இருந்தமை இதனால் விளங்கும். தொல்காப்பியத்தின் இருவகைப் பாசறைப் பகுப்பிற்கு நேரான வழக்கம் இல்வாழ்விலும் இருந்தது.

பாசறையிலோ தாழிடக் கதவில்லை. பாட்டின் இறுதியில் வாடைக்காற்று வீசுந்தோறும் விளக்கின் சுடர் தெற்கே சாய்கிறது. சேறான தெருவில் சேணம் களையப்படாத குதிரைகள் தம்மேல் விழும் துளிகளை உதறுகின்றன. விழுப்புண் பட்ட வீரரைக் காண நள்ளிரவில் வேந்தன் வெளியே வருகிறான். வேப்பிலை சூடிய வேலுடன் ஒருவன் முன்னே செல்கிறான். அந்த வேப்பிலையே இப்பாட்டு அகமா புறமா என்னும் நெடிய விவாதத்திற்கு இடமளித்தது. வேந்தனுக்கு மழையை மறைப்பது வெண்கொற்றக் குடை ஒன்றே. அவன் காணச் செல்லும் புண்பட்டோர் எக்கூரையின் கீழ்க் கிடந்தனர் என்பதைப் புலவர் கூறவில்லை.