பாலம் இல்லாத 46 நாட்கள்: 1964 நமக்குச் சொல்வது



நம்ம ஊர்ப் பேரிலேயே ஒரு முன்னேற்பாடு இருக்கிறது. ராமேசுவரம் போகிற யாத்திரிகர்கள் தங்கிப் போக அக்கா பேரில் ஒரு மடம், தங்கச்சி பேரில் ஒரு மடம். அப்படித்தான் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று பேர் வந்ததாகச் சொல்வார்கள். வரப்போகிறவர் யாரென்று தெரியாமலே தண்ணியும் சோறும் நிழலும் எடுத்து வைக்கிற இடம்தான் மடம். அதே வேலையை நம்ம வீட்டுக்கு நாமே செய்துகொள்வது பற்றித்தான் இந்த மலரில் எழுத நினைத்தேன். "முன்னாடியே செஞ்சு வச்சிருந்தா..." என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்தால், பேச்சு கடைசியில் 1964-ல்தான் போய் நிற்கும்.

அந்த வருஷம் டிசம்பர் 22 ராத்திரி, இலங்கையைக் கடந்து வந்த புயல் தனுஷ்கோடியை அடித்தது. கடல் இருபது அடிக்கு மேல் எழும்பியது. பாம்பனிலிருந்து போன 653-ஆம் எண் பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையோடு போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. துறைமுகம், தபால் ஆபீஸ், சுங்கச்சாவடி என்று கலகலப்பாக இருந்த ஊர், மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசே அறிவிக்கும்படி ஆகிவிட்டது.

பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பு உத்தரங்களில் பெரும்பகுதி கடலுக்குள் விழுந்தது. இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் தலைமையில் அதை 46 நாளில் சரிசெய்தார்கள். ரயில்வே வரலாற்றில் அது பெரிய சாதனை. நம்ம அடுப்படியில் நின்று அந்தக் கணக்கைப் பார்த்தால் வேற மாதிரி தெரியும். ஒன்றரை மாசத்துக்கு மேல் தீவுக்கு ரயில் இல்லை. சாலைப் பாலம் 1988 அக்டோபரில்தான் திறந்தார்கள். அதனால் அரிசி, மண்ணெண்ணெய், மருந்து எதுவானாலும் கடல்வழியாகத்தான் வரணும். கரையில் கிடந்த படகுகளையோ புயல் விட்டு வைக்கவில்லை.

அந்த நாட்களில் கைகொடுத்தது எது என்று கேட்டால், எங்க அப்பத்தா மூன்றைச் சொல்வாங்க: கருவாடு, கருப்பட்டி, ஊத்துத் தண்ணி. மூன்றுமே இந்த மண்ணில் நம்ம பொம்பளைங்க கையால் உண்டானவை. ஊத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்கணும். மழைத்தண்ணி உப்புத்தண்ணியை விட எடை குறைவு. அதனால் மணலுக்குள் இறங்கிய மழை, கீழே இருக்கிற உப்புத்தண்ணிக்கு மேல் மிதந்து நிற்கும். கையால் ஆழமில்லாமல் தோண்டி, ஊற ஊற அகப்பையில் மொண்டால் நல்ல தண்ணி கிடைக்கும். மோட்டார் போட்டு வேகமாக இழுத்தால் அடியில் இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். கடல் உள்ளே வந்தாலும் கிணறு கெட்டுவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் பல உப்பானது நமக்குத் தெரிந்ததுதான். அப்படி ஆகிற அன்றைக்கு, முன்னாடியே பிடித்து மூடி வைத்த தண்ணிதான் தண்ணி.

இப்போது ரோட்டுப் பாலம் இருக்கிறது, 2025 ஏப்ரலில் புது ரயில் பாலமும் திறந்தாச்சு. ஆனாலும் தீவு தீவுதான். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ஒரே நாளில் ராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல், நம்ம தங்கச்சிமடத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 20 சதுர மீட்டர் கூரையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 200 லிட்டர். அப்படியானால் அன்றைக்கு அந்தக் கூரை மேல் விழுந்தது 6,000 லிட்டர். எத்தனை வீட்டில் அது தொட்டிக்குப் போனது, எத்தனை வீட்டில் தெருவுக்குப் போனது?

பெரியவர்கள் "முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும்" என்று சொன்னதைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் சின்ன வேலைதான்.

தண்ணி: குடிக்க, கஞ்சி வைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வேணும். ஐந்து பேர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் கேன் ஒன்று, ஒரு வாரத்துக்கு ஏழு. மூடி போட்டு உயரத்தில் வைக்கணும். கூரைத் தண்ணிக்கு ஒரு குழாயும் தொட்டியும் வேணும். முதல் மழையைக் கழித்துவிட்டு அடுத்த மழையைப் பிடிக்கணும்.

சாப்பாடு: உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுகிற பழக்கம் நமக்குப் புதுசில்லை. ஆடியில் ஆரம்பித்தால் ஐப்பசி, கார்த்திகைக்குள் பானை நிறையும். கருவாடு வெயில் காலத்திலேயே காய்ந்திருக்கணும். மழை பிடித்தபின் காயப்போட முடியாது.

தாளுங்க: ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், பட்டா, படகுப் பதிவு, பிள்ளைங்க சான்றிதழ். எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில், ஒரே பையில். எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியணும்.

சேதி: பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டு 1 முதல் 11 வரை. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை காத்திருக்கக் கூடாது. கூண்டு ஏறியதுமே போனில் சார்ஜ், விளக்கு, மருந்து மாத்திரை, தங்கப் போகிற இடம் நாலையும் பார்த்துவிடணும்.

கடைசியாகப் பணம். 1964-ல் நம்ம ஊரில் மகளிர் குழு கிடையாது. தமிழ்நாட்டில் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில்தான் ஆரம்பித்தன. வலையும் வள்ளமும் போன குடும்பம் யாரிடம் போய் நின்றிருக்கும், என்ன வட்டிக்கு வாங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்க. இன்றைக்கு வாரச் சந்தா இருக்கிறது, உள்கடன் இருக்கிறது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை நம்ம வீடுகள் அதை வைத்துத்தான் தாண்டுகின்றன.

அதனால் கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் இது. வருகிற ஆடி மாசக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் மூன்று தீர்மானத்தை நோட்டில் எழுதணும். மழைத்தொட்டிக்கு உள்கடன் கொடுப்பது. சந்தாவில் ஒரு பகுதியைப் புயல் காலத்துக்கென்று தொடாமல் வைப்பது. வயசானவர்கள், கர்ப்பிணிகள், தனியாக இருக்கிற பெண்கள் வீட்டுக்குக் கூண்டு ஏறிய அன்றைக்கு யார் போவது என்று பேர் போட்டு எழுதுவது. மூன்றாவதுக்குக் காசே வேண்டாம், அதை இந்த வாரமே எழுதிவிடலாம்.