ஆறு நல்லதா, ஒன்று நல்லதா?



சில ஆண்டுகளுக்கு முன்பு, பாசிர் பெனம்பாங்கைச் சேர்ந்த தந்தை ஒருவர் தம் மகளின் மதிப்பீட்டு அறிக்கையைப் பார்த்து முகம் வாடினார். தமிழ்மொழிக்கு நேரே 6 என்றிருந்தது. "இன்னும் கொஞ்சம் படிச்சிருக்கலாம் டீச்சர்" என்றார். அதுவே மிக உயர்ந்த நிலை என்று விளக்கிய பின்னரே அவர் முகம் மலர்ந்தது. ஆனால், 1 பெற்ற மாணவன் ஒருவனின் தாயார் மகிழ்ச்சியோடு வீடு திரும்பிவிட்டார். உடனடியாக உதவி தேவைப்பட்ட பிள்ளை அவன்!

இக்குழப்பத்திற்கு ஒரு வரலாறு உண்டு. எஸ்.பி.எம். தேர்வில் நெடுங்காலம் 1 மிகச் சிறந்த நிலையையும் 9 தோல்வியையும் குறித்தன. 2009ஆம் ஆண்டில்தான் அவ்வெண்கள் நீங்கி, எழுத்துத் தரங்கள் மட்டும் நிலைத்தன. இன்றைய பெற்றோர் பலர் அம்முறையில் தேர்வெழுதியவர்களே. 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வோ எழுத்துகளையே பயன்படுத்தியது.

2011இல் தொடக்கப்பள்ளிகளில் புதிய கலைத்திட்டமும் பள்ளிசார் மதிப்பீடும் அறிமுகமாயின. 1 முதல் 6 வரையிலான 'பேண்ட்' நிலைகள் வந்தன. எண்ணின் திசை தலைகீழானது. 1 என்றால் அறிதல். 2 என்றால் அறிந்து புரிந்துகொள்ளுதல். 3 என்றால் அறிந்து, புரிந்து, செய்தல். 4, 5, 6 ஆகியவை அதனையே பண்போடும், பாராட்டத்தக்க பண்போடும், பிறருக்கு முன்மாதிரியாகவும் செய்வதைக் குறித்தன. பின்னர் 'பேண்ட்' என்ற பெயர் மாறி, அடைவுநிலை என்றானது. ஆறு படிகள் மாறவில்லை. 2021இல் யு.பி.எஸ்.ஆர். நீக்கப்பட்டபின் இவ்வெண்களின் முக்கியத்துவம் பெருகிற்று.

கணினிக்கு எண் வசதியானது. சுருக்கமானது, எளிதில் வரிசைப்படுத்தலாம், எம்மொழியிலும் மாறாதது. ஆயினும், இணையத்தை வடிவமைத்தவர்கள் எண்ணோடு நின்றுவிடவில்லை. 1996இல் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.0 ஆவணம், 404 போன்ற எண் இயந்திரத்திற்கு என்றும், அதனை அடுத்து வரும் 'காணப்படவில்லை' என்பது போன்ற சொற்றொடர் மனிதருக்கு என்றும் பிரித்துக் கூறியது. எண்ணைச் சேமித்து வைக்கலாம். காட்டும்போது சொல்லையும் சேர்த்துக் காட்டவேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

அன்று தவறு என்னுடையதே. எண்ணை எழுதினேன், பொருளை எழுதவில்லை. அத்தாயாரை மீண்டும் அழைத்துப் பேசினேன். அதன்பின், நான் தரும் ஒவ்வோர் அறிக்கையிலும் எண்ணின் அருகே ஒரு வரித் தமிழ் விளக்கம் எழுதுகிறேன்.

ஆசிரியர்களே, நீங்களும் எழுதுங்கள். பெற்றோர்களே, விளக்கம் இல்லையெனில் தயங்காமல் கேளுங்கள்.