தாராபாய் ஷிண்டே: ஒரு நூலும் 93 ஆண்டு மறதியும்

இந்தியப் பெண்ணிய வரலாற்றுப் பாடங்களில் தாராபாய் ஷிண்டே பெரும்பாலும் ஒரே வரியில் வந்துபோகிறார்: 1882இல் மராத்தியில் வெளியான ‘ஸ்திரீ புருஷ துலனா’ நூலின் ஆசிரியர், நவீன இந்தியாவின் முதல் பெண்ணியப் பிரதிகளுள் ஒன்றை எழுதியவர். அவ்வரி தவறன்று. ஆயினும், அவர் எங்கிருந்து எழுதினார், அதன்பின் அவருடைய வேறு நூல் ஏன் வெளிவரவில்லை என்னும் வினாக்களுக்கு அதில் இடமில்லை.

தாராபாய் 1850 வாக்கில், பேரார் பகுதியிலுள்ள புல்டாணா என்னும் சிற்றூரில், மராத்தாக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை பாபுஜி ஹரி ஷிண்டே அரசு அலுவலகத் தலைமை எழுத்தர். சத்திய சோதக் சமாஜத்தைச் சார்ந்தவர். பெண்களுக்குப் பள்ளி இல்லாத அவ்வூரில், மகளுக்கு மராத்தி, சமஸ்கிருதம், ஆங்கிலம் ஆகியவற்றைக் கற்பித்தவர் அவரே. தாராபாய்க்கு இளமையிலேயே மணமாயிற்று. கணவர் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தார், குழந்தைகள் இல்லை. உயர்நிலை மராத்தாக் குடும்பங்களில் பெண்கள் வெளியே வருவதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்த காலம் அது.

1881இல் சூரத்தில் விஜயலட்சுமி என்ற இளம் பிராமண விதவைக்குத் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது. தமக்குப் பிறந்த குழந்தையைப் பழிச்சொல்லுக்கு அஞ்சிக் கொன்றார் என்பது குற்றச்சாட்டு. மேல்முறையீட்டில் அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. வைதீகச் சார்புடைய ‘புணே வைபவ்’ இதழ் இவ்வழக்கை முன்னிட்டுப் பெண்களின் ஒழுக்கத்தைச் சாடியது. அதற்கு எழுந்த மறுமொழியே ‘ஸ்திரீ புருஷ துலனா’.

மறுமணத்தை மறுத்து, விதவையை ஏமாற்றிக் கைவிட்டு, பின்னர் அவளையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துபவர் யார் என்று தாராபாய் கேட்டார். பெண்மீது மரபாகச் சுமத்தப்பட்ட வஞ்சகம், நிலையின்மை முதலிய குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றுக்கு நேராக ஆணின் நடத்தையை நிறுத்தினார். விதவையர் துயரைப் பிராமணச் சாதியின் சிக்கலாக மட்டும் பேசிய சீர்திருத்தவாதிகளிடமிருந்து அவர் வேறுபட்டார். எல்லாச் சாதி ஆண்களையும் சாத்திரங்களையும் அவருடைய விமரிசனம் எட்டியது. வீட்டுப் பேச்சின் காரமும் எள்ளலும் கொண்ட மராத்தி அவருடையது.

புணேயில் அச்சான நூலின் படிகள் 500. விலை ஒன்பது அணா. நூலுக்குப் பகை எழுந்தது. 1885இல் ஜோதிராவ் புலே தம் ‘சத்சார்’ இதழில் தாராபாயை மகளென அன்புடன் குறித்து ஆதரித்தார். அதன்பின் அவர் பெயரில் வேறு நூல் அச்சேறவில்லை; 1910 வாக்கில் காலமானார்.

அதே 1882இல் பண்டித ரமாபாயின் ‘ஸ்திரீ தர்ம நீதி’யும் வெளிவந்தது. ஐந்தாண்டுகளில் அவருடைய ஆங்கில நூல் அமெரிக்காவில் அச்சானது. ரமாபாய்க்குப் புணேயில் மேடையும் மகளிர் சங்கமும், பின்னர்க் கடல்கடந்த ஆதரவும் கிடைத்தன. புல்டாணாவில் அத்தகைய துணை ஏதுமில்லை. ஆகவே, தாராபாயின் மௌனத்தை ஆற்றல் வற்றியதன் அடையாளமாகக் கொள்வது பிழை என்றே கருதுகிறேன். ஓர் எழுத்தாளரை அடுத்த நூலுக்கு அழைத்துச் செல்லும் அமைப்புகள் அன்று பெருநகரங்களிலேயே இருந்தன. வீட்டுக்குள்ளிருந்து எழுதிய பெண்ணுக்கு வசையே முதலில் வந்து சேர்ந்தது.

1975இல் ச. க. மால்ஷே இந்நூலைக் கண்டெடுத்து மறுபதிப்பித்தார். 1994இல் ரோசலின்ட் ஓ’ஹான்லன் அதனை ஆங்கிலத்தில் முழுமையாக மொழிபெயர்த்தார். இடைப்பட்ட 93 ஆண்டுகளில், தாராபாய் இல்லாமலேயே மகாராட்டிரச் சீர்திருத்த வரலாறு எழுதப்பட்டது.

வட்டார அச்சகங்களின் பட்டியல்களில் ஒரே நூலோடு நின்றுபோன பெண் பெயர்களைக் காணும் மாணவர்கள், அவற்றைச் சிறு முயற்சிகள் என்று கடந்துவிடலாகாது. எத்தனை படி அச்சாயிற்று, என்ன விலை, யார் மறுத்தார், யார் துணைநின்றார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தாராபாய் நமக்கு மீண்டது, 500 படிகளுள் ஒன்று எங்கோ தப்பிப் பிழைத்திருந்ததால்தான்.