உறைநிலத்தைச் செதுக்குவது குளிரா, நீரா?

பாறையின் விரிசலில் தேங்கிய நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. அந்த விரிவின் அழுத்தம் பாறையைப் பிளக்கிறது. உறைபனிச் சிதைவுக்குப் பள்ளிப் பாடநூல்கள் தரும் விளக்கம் இதுதான். கேட்பதற்குத் தெளிவாக இருக்கிறது. ஆனால் குளிர்நாடுகளின் நிலத்தோற்றத்தில் சிறு பகுதியைத்தான் இதைக்கொண்டு விளக்க முடியும். வெப்பநிலை எவ்வளவு இறங்கியது என்பதைவிட, உறையும் இடத்துக்கு எவ்வளவு நீர் வந்து சேர்ந்தது என்பதே உறைநிலத்தின் வடிவங்களைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். இதை ஏற்றால், பழைய உறைநிலச் சுவடுகளைக்கொண்டு அக்காலத் தட்பவெப்பத்தைக் கணிக்கும் முறையும், இன்று இளகிவரும் நிலங்களின் ஆபத்தை மதிப்பிடும் முறையும் மாற வேண்டியிருக்கும்.

போலந்து ஆய்வாளர் வலேரி வொசின்ஸ்கி கார்ப்பாத்திய மலைகளின் மணற்பாறைக் கற்குவியல்களை ஆராய்ந்து, 1909இல் 'பெரிகிளேசியல்' என்ற சொல்லை உருவாக்கினார். பனிப்பாளத்தின் விளிம்பை ஒட்டிய கடுங்குளிரே அக்கற்களை உடைத்தது என்பது அவர் கருத்து. உறைநில வடிவங்களை ஆராயும் துறை பிறந்தபோதே குளிரை முதற்காரணமாக வைக்கும் வழக்கமும் உடன் பிறந்துவிட்டது.

அந்த வழக்கத்தை அசைத்தவர் அமெரிக்கப் புவியியலாளர் ஸ்டீபன் டேபர். 1929, 1930ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய கட்டுரைகள் மிக எளிய ஒரு சோதனையைப் பேசுகின்றன. மண்ணில் நீருக்குப் பதிலாகப் பென்சீனை ஊறவைத்து உறையச் செய்தார். பென்சீன் உறையும்போது சுருங்கும் பொருள். ஆகவே மண் தாழ்ந்திருக்க வேண்டும், அது மேலெழும்பியது. உறைவீக்கத்துக்கு நீரின் 9 விழுக்காட்டு விரிவு தேவையே இல்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. ஆனாலும் பள்ளிப் பாடநூல்கள் பெரும்பாலும் டேபரைக் கண்டுகொள்வதில்லை.

நடப்பது இதுதான். சுழியம் பாகைக்குக் கீழேயும் மண் துகள்களின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் உறையாமல் நிற்கிறது. அப்படலம், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, கீழே உறையாத மண்ணிலுள்ள நீரை உறையும் முனைக்கு இழுக்கிறது. வந்த நீர் அங்கே வில்லை வடிவப் பனிக்கட்டியாகத் திரள்கிறது. நீர் வரும்வரை வில்லை தடித்துக்கொண்டே போகும். பருமணலில் இழுவிசை போதாது. கடுங்களியில் நீர் நகர வழி போதாது. நுண்வண்டலில் இரண்டும் பொருந்துவதால், சாலைகளையும் வீடுகளையும் உறைவீக்கம் அதிகம் சிதைப்பது வண்டல் நிலத்தில்தான். ஒரே குளிர், ஒரே இரவு. அடுத்தடுத்த இரு நிலங்களில் ஒன்று வீங்குகிறது, மற்றது கிடந்தபடி கிடக்கிறது.

பாறைக்கும் இதே விதிதான். ஜோசப் வால்டரும் பெர்னார்ட் ஹாலெட்டும் 1985இல் வெளியிட்ட கணக்கீட்டின்படி, பாறையின் விரிசல்கள் நன்கு வளர்வது ஏறத்தாழ −4 முதல் −15 பாகை செல்சியசு வரையிலான நீடித்த குளிரில். அதைவிடக் குளிர்ந்தால் நீர் நகர முடிவதில்லை. 2006இல் ஜூலியன் மர்ட்டனும் அவருடைய குழுவினரும் ஈரச் சுண்ணப்பாறைக் கட்டிகளை ஆய்வகத்தில் உறையவைத்து, பனி வில்லைகள் உள்ளிருந்து பாறையைப் பிளப்பதைக் காட்டினர். ஒரு மலைச்சரிவு ஆண்டுக்கு எத்தனை முறை உறைந்து உருகுகிறது என்று எண்ணி அதன் சிதைவைக் கணிக்கும் பழைய முறைக்கு இதன்பின் பெரிய மதிப்பில்லை.

இனிக் கடந்தகாலம். கடுங்குளிரில் சுருங்கும் நிலம் வெடிக்கிறது; வசந்தத்தில் உருகுநீர் அவ்வெடிப்பில் இறங்கி உறைகிறது; அடுத்த குளிர்காலத்தில் அதே இடம் மீண்டும் வெடிக்கிறது. இப்படிப் பல நூற்றாண்டுகளில் வளர்வது பனி ஆப்பு. அலாஸ்காவின் வடகரையில் ஆண்டுக்கணக்கில் தங்கி ஆராய்ந்த எர்னெஸ்ட் லெஃபிங்வெல் 1915இல் தந்த விளக்கம் இது, இன்றும் செல்லுபடியாகிறது. ஆப்பு உருகிய இடத்தில் மண் நிரம்பி எஞ்சும் அச்சுகள் கிழக்கு இங்கிலாந்து, நெதர்லாந்து, போலந்து ஆகிய இடங்களின் சரளைக் குழிகளில் கிடைக்கின்றன. அலாஸ்காவில் ஆப்புகள் உயிர்ப்புடன் இருக்கும் பகுதிகளின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை −6 முதல் −8 பாகையோ அதற்கும் கீழோ என்று ட்ராய் பெவே கண்டார். அந்த எண்ணையே ஐரோப்பிய அச்சுகளுக்கும் பொருத்தி, பனியூழியில் அங்கே இத்தனை பாகை குளிர் என்று பலர் எழுதினார்கள்.

இந்த அளவுகோலை நம்பிக்கையோடு பயன்படுத்த முடியாது. நிலம் வெடிப்பது வெப்பநிலை எவ்வளவு வேகமாக இறங்குகிறது, பனிப்போர்வை எவ்வளவு மெல்லியது, மண் எத்தகையது என்பவற்றையும் பொறுத்தது. அன்டார்க்டிகாவின் மெக்மர்டோ வறள் பள்ளத்தாக்குகளில் இதே வெடிப்புகளில் பனிக்குப் பதிலாக மணல் இறங்கி மணல் ஆப்பாகிறது. அங்கே குளிருக்குக் குறைவில்லை, நீர்தான் இல்லை. இதை எடுத்துச் சொன்னவரும் பெவேதான் என்பது கவனிக்கத்தக்கது. சரளைக் குழியில் காணும் அச்சு முதலில் ஈரத்தைப் பற்றிப் பேசுகிறது. பாகைக்கணக்கு அதற்கு அடுத்தது.

உள்ளே பனிக்கட்டி வளர்வதால் தரை குன்றாக எழும் பிங்கோக்கள் இதைப் பெரிய அளவில் காட்டுகின்றன. கனடாவின் துக்தோயாக்துக் தீபகற்பத்தில் இவ்வகைக் குன்றுகள் ஆயிரத்துக்கும் மேல் உண்டு; அவற்றுள் இப்யுக் 49 மீட்டர் உயரம். வாழ்நாள் முழுதும் இவற்றை அளந்த ராஸ் மெக்கே விளக்கியதுபோல, கதை ஓர் ஏரியில் தொடங்குகிறது. ஆழமான ஏரியின் அடிமணல் உறைவதில்லை. ஏரி வடிந்ததும் குளிர் அதனுள் இறங்குகிறது. உறையும் மணல் மிகுநீரை முன்னே தள்ள, அடைபட்ட நீரின் அழுத்தம் தரையைத் தூக்குகிறது. (நீரைத் தள்ளும் இவ்வேலையில் அந்த 9 விழுக்காட்டுக்கும் பங்குண்டு என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.) 1978இல் மெக்கே இல்லிசார்விக் என்ற ஏரியைத் தாமே வடியவைத்து, அதன் படுகையில் உறைநிலம் வளர்வதைப் பின்தொடர்ந்தார். ஏரி இல்லாத பக்கத்து நிலத்திலும் குளிர் அதேதான். அங்கே பிங்கோ எழுவதில்லை.

பெல்ஜியத்தின் ஓட் ஃபான் மேட்டுநிலத்தில் மண்கரை சூழ்ந்த வட்டப் பள்ளங்கள் உள்ளன. மனிதர் வெட்டிய மீன்குளங்கள் என்று ஒருகாலத்தில் கருதப்பட்டவை. லியேஜ் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் பிசார் 1950களில் இவற்றைப் பிங்கோக்களின் எச்சம் என்றார். பின்னர் வட கியூபெக்கின் மேடுகளோடு ஒப்பிட்டு, பனி வில்லைகளால் வீங்கும் லித்தால்சாக்களின் எச்சம் என்று தம் முடிவையே திருத்தினார். பள்ளங்கள் மாறவில்லை, நீர் வந்த வழி மாறியது, அதனால் காலநிலைக் கணிப்பும் மாறியது.

குளிர் இல்லாமல் உறைநிலம் ஏது என்ற மறுப்பு எழும். உண்மை. உறைநிலம் எங்கே இருக்கலாம் என்பதற்கு வெப்பநிலை எல்லை வகுக்கிறது. அங்கே என்ன வடிவம் தோன்றும், இளகினால் என்ன நேரும் என்பதற்கு விடை மண்ணிலுள்ள பனியின் அளவில் இருக்கிறது. பனி குறைந்த கெட்டிப் பாறை இளகினால் பெரும்பாலும் தோற்றம் மாறாது. சைபீரியாவின் யெதோமா வண்டலில் பருமனில் பாதிக்கும் மேல் பனியாக இருப்பதுண்டு. அது இளகினால் தரையே அமிழ்கிறது. சகா மக்கள் மாடும் குதிரையும் மேய்க்கும் அலாஸ் புல்வெளிகள் அப்படி அமிழ்ந்த பள்ளங்களே. அதே சகா குடியரசிலுள்ள பதகாய் சரிவில், சுமார் 6.5 லட்சம் ஆண்டுகளாக உருகாத உறைநிலம் வெளிப்பட்டிருக்கிறது. இன்றைப்போலவே வெப்பமான இடைக்காலங்களை அது தாண்டி வந்தது. 20ஆம் நூற்றாண்டின் இடையில் மேலே இருந்த காடு அழிக்கப்பட்டு, ஓடைநீர் தரையை அரித்த பிறகே அது திறந்துகொண்டது; இன்று அதன் அகலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்.

இந்தியாவுக்கும் இது அயலான செய்தியன்று. 2023 அக்டோபர் 3 இரவு, சிக்கிமின் தெற்கு லோனக் ஏரிக்குள் சுமார் 1.47 கோடி கனமீட்டர் உறைந்த மொரைன் (பனியாறு குவித்த கல்மண்) மேடு சரிந்து விழுந்தது. எழுந்த அலை கரையை உடைத்தது. தீஸ்தா பள்ளத்தாக்கில் இறங்கிய வெள்ளம் சுங்தாங்கின் 1,200 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் அணையை அடித்துச் சென்றது. அந்த ஏரி பல ஆண்டுகளாகக் கண்காணிக்கப்பட்டது. கவனம் முக்கியமாக நீர்ப்பரப்பின் வளர்ச்சியில் இருந்தது. இமயத்தின் உறைநில வரைபடங்களும் பெரும்பாலும் வெப்பநிலையிலிருந்து கணித்தவையே. மேட்டுக்குள் எவ்வளவு பனி இருக்கிறது என்று அவை சொல்வதில்லை. அதை அறியத் துளையிட வேண்டும், மின்தடை அளவீடு செய்ய வேண்டும். சிக்கிம், உத்தராகண்ட், லடாக் ஆகிய இடங்களில் ஏரிகளைக் கண்காணிக்கும் நிறுவனங்கள் நீர்ப்பரப்பை அளப்பதோடு, அவற்றைத் தாங்கும் மொரைன்களின் பனியளவையும் அளக்கத் தொடங்க வேண்டும்.