காரும் கூதிரும்: காரைக்கால் கரையில் திருச்சபைத் தோழமை

சங்கச் சான்றோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மேலைநாட்டார் இலையுதிர்காலம் என வழங்கும் இம்மாதங்கள் காவிரியின் கடைமடையில் நீரின் மாதங்களாகும். நண்டலாறும் அரசலாறும் திருமலைராயன் ஆறும் கரை தொட்டு ஓடும். வயலில் சம்பா நாற்று வேர்பிடிக்கும். கடல் கொந்தளிக்கும் நாட்களில் கட்டுமரங்கள் மணலில் ஏறிக் கிடக்கும். உழவர்க்கு வேலை மிகுந்தும் குதிர் மெலிந்தும் இருக்கும் காலம் இது. பரதவர்க்கோ வேலையும் குறைந்து உலையும் குறைந்த காலம்.

இக்கரையின் கிறித்தவத் திருச்சபைக்குரிய பெருநாட்களும் இப்பருவத்திலேயே வந்து கூடுகின்றன. ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணியில் கொடியேறிச் செப்டம்பர் 8இல் மாதாவின் பிறந்தநாள் விழா நிறைவுறும். அக்டோபர் முழுவதும் செபமாலை மாதம். நவம்பர் 1 புனிதர் அனைவர் பெருவிழா. மறுநாள் கல்லறைத் திருநாள். பங்கு மக்கள் ஒன்றுகூடுவதும், பிறர்க்கு உழைப்பதும் ஆண்டின் வேறெப்பொழுதையும்விட இப்பொழுதில் மிகுதி எனலாம்.

இத்தோழமையின் வரலாற்றில் இரண்டு நீரோட்டங்கள் உள்ளன. ஒன்று, பசித்தவர்க்கு ஈதல். மற்றொன்று, வேறுபாடின்றி ஒருங்கிருத்தல். முன்னது இக்கரையில் எளிதாகவே வேர்கொண்டது. பின்னது மிக அரிதாகவே கைகூடியது. இவ்விரண்டின் இடைவெளியை உணராமல் காரைக்கால் கரையின் திருச்சபை வரலாற்றைப் படிப்பது அரைப்படிப்பாகவே முடியும்.

சோறிட்ட ஊர்

காரைக்கால் என்றதும் தமிழர் நினைவில் எழுபவர் புனிதவதியார். பசித்து வந்த சிவனடியாருக்குக் கணவன் அனுப்பிய மாங்கனி இரண்டனுள் ஒன்றைச் சோற்றோடு படைத்தவர் அவர் என்று சேக்கிழார் பாடுகிறார். அற்புதத் திருவந்தாதி பாடிய பெருங்கவிஞரை ஊர் இன்றும் ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் கொண்டாடுவது, அவர் பாட்டுக்காக மட்டுமன்று. அவர் இட்ட உணவுக்காகவும்தான்.

தெற்கே வேளாங்கண்ணியின் மரபுக் கதைகளும் உணவைச் சுற்றியே அமைந்துள்ளன. பால் கொண்டு சென்ற சிறுவன் குளக்கரையில் தாயொருத்தியின் குழந்தைக்குப் பால் ஈந்தான். நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன் அவ்வாறே மோர் ஈந்தான். நடக்கும் கால் பெற்றான். புயலில் சிக்கிக் கரையேறிய போர்த்துகீசிய மாலுமிகள் கோயிலைப் பெரிதாக்கிய செய்தி இவற்றுக்குப் பின்னரே வருகிறது. சைவமாயினும் கிறித்தவமாயினும் இக்கரையில் வழங்கும் கதைகளில் ஈவோர் செல்வரல்லர். தம் பங்கைப் பிறர்க்குக் கொடுத்த எளியவர்கள். அந்நிலத்தில் விழுந்த திருச்சபை வித்து அன்னமிடும் வழக்கத்தை வெளியிலிருந்து கற்க வேண்டியிருக்கவில்லை.

1745இன் சுவர்

கற்க வேண்டியிருந்தது வேறொன்று. தஞ்சை மன்னரிடமிருந்து 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அதற்கு முன்பே தமிழகக் கிறித்தவத்தில் சாதி வழக்கங்களை எவ்வளவு ஏற்பது என்னும் வழக்கு உரோமை வரை சென்றிருந்தது. 1704இல் புதுச்சேரியில் தங்கிய திருத்தந்தையின் தூதர் டூர்னோன் பல வழக்கங்களைத் தடைசெய்தார். 1744 செப்டம்பரில் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணை, தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் அருட்சாதனங்கள் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என வலியுறுத்தியது.

அடுத்த ஆண்டு ஐப்பசியில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சொல்கிறது. புதுச்சேரிச் சம்பாக் கோயிலுக்குள் சாதிக் கிறித்தவரையும் பறையர் கிறித்தவரையும் பிரிக்கும் சுவர் ஒன்று இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த பாதிரியாரின் தூண்டுதலால் ஒடுக்கப்பட்ட மக்கள் பெரிய பாதிரியாரிடம் முறையிட்டனர். எல்லாரும் சீடர்களே என்றால் நடுவில் சுவர் ஏன் என்பதே அவர்கள் கேள்வி. சுவர் இடிக்கப்பட்டது, எல்லாரும் கலந்து அமர்ந்தனர். உடனே சாதிக் கிறித்தவர் கொதித்தெழுந்தனர். துபாசியாக விளங்கிய கனகராய முதலியாரே அவ்வெதிர்ப்பின் பக்கம் நின்றார். பூசல் ஆளுநர் துய்ப்ளே வரை சென்றது.

வைணவரான ஆனந்தரங்கர் இந்நிகழ்ச்சியைப் பரிவோடு எழுதவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. எனினும் காரைக்கால் பெயர் இவ்வழக்கில் இடம்பெறுவதை அவர் எழுத்தே நமக்குக் காத்துத் தந்தது. கேட்டவர்களின் பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை. அவர்களுடைய கேள்வி ஏறியது.

ஒரு பக்கத்தை மட்டும் ஒளிரச் செய்வது வரலாறாகாது. மூன்றாண்டு கழித்து, 1748இல், ஆங்கிலேயர் முற்றுகையின்போது அக்கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அதற்குப் பாதிரிமார் நெடுங்காலமாகவே முயன்றிருந்தனர் என்பதும் அதே நாட்குறிப்பிலுள்ளது. தம்மவர்க்குள் சுவர் இடித்த கைகளே அண்டை வீட்டார் கோயிலை இடிப்பதற்கும் துணைநின்றன. தோழமை தன் சபையின் எல்லையோடு நின்றுவிட்டால் என்னாகும் என்பதற்கு இது கசப்பான சான்று.

இரு வேதநாயகர்கள்

காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்கு வந்திறங்கினார். தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கு அச்சேறி 1715இல் நிறைவுற்றது. புதிய எருசலேம் ஆலயம் 1718இல் எழுந்தது. அம்மரபு தஞ்சையில் தழைத்தபோது அதன் பெருங்கவியாக விளங்கியவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864). பெத்லகேம் குறவஞ்சி பாடியவர்; சரபோஜி மன்னரின் அவையில் மதிக்கப்பட்டவர். புதிதாக வந்த பாதிரிமார் தமிழ்ப் பாட்டை வழிபாட்டிலிருந்து விலக்கியபோதும், பழகிய வேதமொழிபெயர்ப்பை மாற்றியபோதும், திருநாட்களில் மலர் சூட்டுவதைத் தடுத்தபோதும் அவர் அஞ்சாது எதிர்த்தார். அதே மூச்சில், சாதியாரை ஒன்றாகக் கலந்து இருத்தலையும் அவர் கொடுமையென்றே எண்ணினார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை அறவே விடுமாறு சுற்றறிக்கை விடுத்தபோது தஞ்சைச் சபைகள் பிளவுண்டன.

தமிழுக்காக நின்றவரே பிரிவினைக்காகவும் நின்றார் என்பது கவிஞர்கள் எளிதில் கடந்து செல்லக்கூடாத செய்தி. பண்பாட்டைக் காப்பவர் அதனுள் ஒளிந்திருக்கும் அநீதியையும் சேர்த்துக் காத்துவிடக் கூடும். அயலார் ஆணையில் நியாயம் இருந்தபோதும் அது ஆணையாகவே வந்தமையால் நெஞ்சில் இறங்கவில்லை என்பதும் உண்மையே.

மற்றொரு வேதநாயகர் கத்தோலிக்கர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் முனிசீபாக இருந்தவர். 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தால் தமிழ் நாவலுக்கு முதல்வரானவர். 1876-78இன் தாது வருடப் பஞ்சத்தில் மாயூரம் வீதிகளில் பசி தலைவிரித்தாடியபோது, அவர் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். பஞ்சம் தீர இறைவனை வேண்டிக் கீர்த்தனைகளும் பாடினார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரது கொடையை வியந்து கீர்த்தனை ஒன்று இயற்றினார். சைவப் பெரும்பாடகர் கிறித்தவ நீதிபதியைப் பாடியதற்குக் காரணம் சமய வாதமன்று, கஞ்சி. அவருடைய சர்வசமய சமரசக் கீர்த்தனைகள் அப்பஞ்ச காலத்தில் வெளிவந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. பசித்தவரின் வரிசையில் சமயம் கேட்டு அகப்பை எடுப்பவர் எவருமில்லை.

எல்லைகளினூடே நடந்தவர்கள்

பிரெஞ்சு ஆட்சியில் காரைக்கால் ஒரு தீவு போன்றது. கிழக்கே கடல்; ஏனைய திசைகளில் ஆங்கிலேயரின் தஞ்சை மாவட்டம். ஊரை விட்டு வெளியேறினால் சுங்கச் சாவடி. திருச்சபை எல்லைகளும் வேறுபட்டன. காரைக்கால் புதுச்சேரிக்கு உரியது. வேளாங்கண்ணியோ மயிலை மறைமாவட்டத்தில் இருந்து, 1952இல் தஞ்சை மறைமாவட்டம் உருவானபோது அதனோடு சேர்ந்தது. 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. அந்நாள் புனிதர் அனைவர் பெருவிழாவாகவும் இருந்தது. சட்டப்படியான உரிமைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவுற்றது. அதே ஆண்டு நவம்பரில் வேளாங்கண்ணி ஆலயம் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவானால் பேராலயமாக உயர்த்தப்பட்டது.

சென்னையிலிருந்தும் புதுவை, கடலூரிலிருந்தும் காவியுடுத்தி, சிறு தேர் இழுத்து, மாதா பாடல் பாடி வருவோர் இவ்வெல்லைகளை நடந்தே கடக்கின்றனர். தரங்கம்பாடியைத் தாண்டிப் பூவத்தில் காரைக்கால் மண்ணை மிதிப்பவர், வாஞ்சூரில் அதை விட்டு நாகூருக்குள் நுழைகின்றனர். இடைப்பட்ட தொலைவு ஒரு பகல் நடைக்குள் அடங்கும். பல நாள் நடந்து கொப்புளம் கண்ட கால்களுக்கு அந்தப் பகல் நீளமானது. வழியில் நீரும் மோரும் கஞ்சியும் வைத்துக் காத்திருப்பவர்கள், புண்ணைக் கழுவிக் கட்டுப்போடுபவர்கள், இரவில் பள்ளிக்கூடத் திண்ணையைப் பெருக்கி இடம் ஒதுக்குபவர்கள் ஆகியோரே இப்பருவத்தின் உண்மையான விழாக் குழுவினர். அவர்களுள் பிற சமயத்தாரும் உண்டு. நடப்போருள்ளும் உண்டு. நாகூர் ஆண்டவர் தர்காவின் வாசலைத் தொட்டுச் செல்லும் பாதை அது.

பங்குகளில் இத்தொண்டுக்கு அமைப்பும் உண்டு. 1833இல் பாரிசில் ஓசானாம் முதலியோர் தொடங்கிய வின்சென்ட் தெ பவுல் சபையினர் ஏழைகளை அவர்தம் வீட்டிலேயே சென்று காண்பதை விதியாகக் கொண்டவர்கள். 1921இல் டப்ளினில் தோன்றிய மரியாயின் சேனையினர் வாரந்தோறும் நோயாளரையும் தனித்திருப்போரையும் சந்திப்பவர்கள். பின்னாளில் தெருவாரியாக அமைந்த அன்பியங்கள் அக்டோபரில் செபமாலையை வீடு வீடாகக் கொண்டு செல்கின்றன. இங்கேதான் 1745இன் கேள்வி ஓசையின்றி மறுபடி கேட்கப்படுகிறது. செபமாலை எந்தத் தெரு வரை போகிறது? அந்த வீட்டில் கொடுத்த தேநீரை வந்தவர் அனைவரும் குடிக்கிறார்களா? ஈதலுக்கு ஒரு கை போதும். ஏற்பதற்கு மனம் வேண்டும். ஒடுக்கப்பட்டவர் வீட்டில் உண்பது, அவர்க்கு உணவளிப்பதைவிடக் கடினமான தொண்டாக நெடுநாள் இருந்து வந்தது.

கடல் பொங்கிய நாள்

2004 டிசம்பர் 26, கிறித்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலைப் பொழுதில் ஆழிப்பேரலை கரையை விழுங்கியது. காரைக்கால் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 500 உயிர்கள் மாண்டன. கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலிய மீனவர் குப்பங்கள் சிதைந்தன. வேளாங்கண்ணியில் விழாவுக்கு வந்திருந்த திருப்பயணிகள் பெருந்தொகையினர் மடிந்தனர். கோயில், பள்ளிவாசல், ஆலயம், பள்ளிக்கூடம், திருமண மண்டபம் எனக் கூரையுள்ள இடமெல்லாம் அடைக்கலமாயின.

ஆவணியில் அண்டா ஏற்றிப் பழகிய கைகள் மார்கழியிலும் அண்டா ஏற்றின. ஆயிரம் பேருக்குக் கஞ்சி காய்ச்ச எவ்வளவு நொய் வேண்டும், யார் வீட்டில் பெரிய பாத்திரம் உண்டு, எந்தத் தெருவில் எத்தனை முதியவர் உள்ளனர் என்பவை ஒரே இரவில் கற்கக் கூடியவை அல்ல. ஆண்டுதோறும் விழாக்களில் பழகி வருபவை. 2018 நவம்பரில் கஜா புயல் நாகையையும் வேதாரணியத்தையும் வீழ்த்திய கூதிர்நாட்களிலும் இப்பழக்கம் உதவியது. மாறாக, பெருந்தொற்றினால் 2020இலும் 2021இலும் வேளாங்கண்ணி விழா பயணிகளின்றி நடந்தது. நடைவழி வெறிச்சோடிய அவ்விரண்டு ஆண்டுகளில், வழிப்போக்கருக்குச் சோறிடுவது தமக்கும் எத்துணை இன்றியமையாதது என்பதைக் கரையோரப் பங்குகள் உணர்ந்திருக்கும்.

கல்லறைத் தோட்டத்தில்

நவம்பர் 2இல் மழை ஓய்ந்த இடைவெளியில் குடும்பங்கள் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்கின்றன. முன்னதாகவே இளைஞர்கள் புதர் வெட்டி, தேங்கிய நீருக்கு வடிகால் வெட்டியிருப்பர். மண்மேட்டைத் திருத்தி, சுண்ணாம்பு பூசி, செவ்வந்தி சூட்டி, மெழுகுவர்த்தி ஏற்றுவர். உறவினர் அற்ற கல்லறைகளுக்கும் விளக்கு வைப்பது நல்ல பங்குகளின் வழக்கம்.

ஆயினும் தமிழகத்தின் பல ஊர்களில் சாதிக்கொரு கல்லறை, நடுவில் சுவர் என்னும் நிலை முற்றும் நீங்கவில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் சாதிக்கொரு பகுதியாக எழுந்த ஆலயத்தின் தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டதை வரலாறு போற்றுகிறது. இருந்தும் 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் கிறித்தவர் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டியிருந்தது என்பதே மிச்சமுள்ள வேலையின் அளவைக் காட்டும்.

புனிதவதியாரின் மாங்கனி முதல் மாயூரத்துக் கஞ்சி வரை ஈகையைப் பாடத் தமிழ்க் கவிஞர்கள் தவறியதில்லை. சம்பாக் கோயிலில் சுவரை நோக்கிக் கேட்டவர்களுக்கு மட்டும் பாட்டு வாய்க்கவில்லை. ஒரு நாட்குறிப்பின் சில வரிகளே வாய்த்தன. அண்டாவைச் சுற்றி நிற்கும் தோழமை பந்தியிலும், பந்தியில் அமர்ந்த தோழமை கல்லறையிலும் தொடரும் நாளில்தான் அவர்களுடைய கேள்விக்கு விடை கிடைத்ததாகும். அதுவரை காரைக்கால் கரையின் காரும் கூதிரும் விழாக்காலங்களாக இருப்பதோடு, அக்கேள்வியை ஆண்டுதோறும் நினைவூட்டும் காலங்களாகவும் இருக்கும்.