கண்ணும் கணக்கும்: வீடியோச் சுருக்கத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

அசையும் படத்தைக் குறைந்த தகவலளவில் அனுப்ப முனைந்தோர் யாவரும் எதிர்கொண்ட வினா ஒன்றே: எதனை இழக்கலாம்? இவ்வினாவுக்குக் கணிதம் மட்டும் விடை தரவில்லை. மனிதக் கண்ணின் இயல்பும் விடை தந்தது என்பதை இத்துறையின் வரலாறு காட்டுகின்றது.

1936 இல் இலண்டனில் பி.பி.சி. தொடங்கிய தொலைக்காட்சிச் சேவையில், மார்க்கோனி-ஈ.எம்.ஐ. முறை 405 கோடுகளையும் ஒருசேர வரையவில்லை. கோடுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக இரு தடவைகளில் வரையப்பட்டு, செக்கனுக்கு 50 அரைப்படங்கள் அனுப்பப்பட்டன. முழுப்படங்கள் 25 மட்டுமே. ஆயினும் கண்ணை உறுத்தும் மினுக்கம் தணிந்தது. 1953 இல் ஐக்கிய அமெரிக்கா ஏற்றுக்கொண்ட நிறத் தொலைக்காட்சி முறை, நிறத்தின் நுண்விபரங்களைக் கண் தெளிவாக உணராது என்னும் உண்மையை அடிப்படையாகக் கொண்டது. ஒளிர்வுக்கு ஏறத்தாழ 4 மெகாஹேட்ஸ் அகலம் வழங்கப்பட, நிறக் குறிகள் இரண்டுக்கும் அதனிற் சிறு பங்கே கிடைத்தது.

1974 இல் நசீர் அகமது, நடராஜன், ராவ் ஆகியோர் வெளியிட்ட கோசைன் உருமாற்ற முறை இச்சிக்கனத்துக்குச் சிறந்த கருவியாயிற்று. படத்தைச் சிறு சதுரங்களாகப் பகுத்து, கண் பொருட்படுத்தாத நுண்மைகளைப் பருமட்டாகக் குறித்தல் இதனால் இயன்றது. செக்கனுக்கு 64 கிலோபிட்டின் மடங்குகளில் இயங்கும் இணைப்புகளுக்கென 1988 இல் எழுந்த எச்.261 நியமம் இதனைக் கையாண்டது. ஆனால் தகவலளவு மிகக் குறைந்தவிடத்துச் சதுரங்களின் ஓரங்கள் காண்போர் முன் கட்டங்களாய்த் துருத்தின. 2003 இல் வந்த எச்.264, அவ்வோரங்களை மென்மையாக்கும் வடிகட்டியைத் தன் அங்கமாக்கிக்கொண்டது.

மென்மையாக்கலுக்கும் ஒரு விலை உண்டு. மூலத்துக்கும் பிரதிக்கும் இடையிலான சராசரி வேறுபாட்டை மட்டும் அளக்கும் கணக்கு, மங்கிய படத்தையும் நல்ல படமென்று மதிப்பிடக்கூடும். புல்வெளியும் துணியின் இழையும் மெழுகியதுபோல் மாறியதைக் கண் உடனே காணும். 2018 இல் வெளியான ஏவி1 முறை இதற்குப் புதுமையான வழியொன்றைத் தந்தது. திரைப்படச் சுருளுக்குரிய மணித்தன்மையை அனுப்புமுன் நீக்கி, அதன் தன்மையை மட்டும் சில எண்களாற் குறித்து, பெறுமிடத்தில் அதனையொத்த மணிகளைப் புதிதாய்த் தூவலாம். கணக்கின்படி படம் மூலத்தினின்றும் விலகுகின்றது; கண்ணோ அதனையே மூலத்துக்கு நெருங்கியதாய்க் கொள்கின்றது.

எனவே கண்ணுக்கு நிறைவளிப்பதும் மூலத்துக்கு உண்மையாயிருப்பதும் ஒன்றல்ல என்பது தெளிவாகின்றது. பொழுதுபோக்குப் படத்தில் இவ்வேறுபாடு தீங்கற்றது. நீதிமன்றச் சான்றாகவோ வரலாற்று ஆவணமாகவோ நிற்கவேண்டிய படத்தில் அது பாரதூரமானது. அத்தகைய படங்களைப் பேணுவோர், கண்ணை மகிழ்விக்கும் பிரதியோடு அமையாது மூலத்தையும் காத்தல் வேண்டும்.